நீலா சொன்னதாகச் சொன்னது

புதன்கிழமை என்றால் கலாராணிக்கு இரவுச் சமையல் மாலையிலேயே முடிந்துவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் அடுப்படியை ஒதுக்கி, முன் காம்பராவில் பாயையும் சாக்குகளையும் விரித்து, கார் பேட்டரியை டீவிக்குப் பக்கத்தில் இழுத்துவைத்து, கிளிப் இரண்டையும் மாட்டி, பிறகு வாசலுக்குப் போய் அன்டெனாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திருப்ப வேண்டும். உள்ளேயிருந்து மாமியார் பெரியாயி குரல் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம். ஆங், போச்சு. பழையபடிக்கே திருப்பு."

படம் நின்றதும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

மடுல்சீமைக்கும் அப்பால், பஸ் வந்து திரும்பிப் போகிற வளைவுக்கு மேலே இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா. கரண்ட் கிடையாது. டீவி இருந்தது பெரியாயி வீட்டில் மட்டும். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்யும் மகன் ஜெயகுமார், கல்யாணத்துக்கு முந்திய தீபாவளிக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ரயிலிலும் பஸ்ஸிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தான். ஆனால் மலைகளின் மறைப்பில் அங்கே எட்டியது ஒரே ஒரு சேனல். அதில் வந்தது சிங்கள நாடகம். லயத்துச் சனத்துக்குச் சந்தையில் விலை கேட்கும் அளவுக்குத்தான் சிங்களம். முதல் வருடம் வாயசைவைப் பார்த்துக் கதையை ஊகித்துக்கொண்டார்கள்.

"அண்ணன் தங்கச்சின்னு நெனச்சு ரெண்டு மாசம் பாத்தோம். கடைசியில புருசன் பொண்டாட்டி" என்று பக்கத்துக் காம்பரா லெச்சுமி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கலாராணி மருமகளாக வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. அவள் பதுளை டவுனில் வளர்ந்தவள். அப்பா வேலை செய்த பேக்கரியின் முதலாளி சிபாரிசில் ஐந்தாம் வகுப்பு வரை சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறி ஓஎல் பரீட்சை வரை போனாள். இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரியும். இரண்டிலும் குறைவாகத்தான் பேசுவாள். பெண் பார்க்க வந்தபோது பெரியாயிக்குப் பிடித்ததே அந்த அடக்கம்தான். வந்த முதல் புதன்கிழமை, திரையில் ஒருத்தி அழுதுகொண்டு என்னமோ சொல்ல, "என்னா சொல்றா இவ?" என்று யாரோ கேட்க, மூலையில் நின்ற புது மருமகள் மெல்லிய குரலில் சொன்னாள். அறையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்கு டீவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. ஆட்களுக்கு முகம் காட்டி, பெட்டிக்குத் தோள் காட்டி உட்கார்ந்துகொண்டு, காதில் விழுவதைத் தமிழில் சொல்லுவாள். நாடகத்தை அவள் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. கழுத்தைத் திருப்பினால் பாதிப் படம் தெரியும்.

அந்த இடத்திலிருந்து எழுந்து போகவும் முடியாது. காய்ச்சல் வந்த ஒரு புதன்கிழமை போர்வையோடு உட்காரவைத்து, சுக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சொல்லவைத்தார்கள்.

நாடகம் வாரத்துக்கு ஒரு தரம்தான். மிச்ச ஆறு நாளும் அதைப் பற்றிய பேச்சு. காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது தொடங்கும். கொழுந்து எடுக்கும் மலையில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குப் போகும். ஒற்றைச் சுவர் லயத்தில் ஒரு வீட்டு இருமல் மூன்றாம் வீட்டில் கேட்கும். அதனாலேயே யாரும் யார் வீட்டைப் பற்றியும் நேராக வாய் திறப்பதில்லை. ஆனால் சிங்கள நாடகத்து மாமியாரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். "வயசான காலத்துல அவளுக்கு ஏன் இம்புட்டு வாயி" என்று லெச்சுமி சொன்னால், அது யாருடைய மாமியாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாமியாரும் பக்கத்தில் நின்று, "ஆமா, ரொம்பத்தான் பேசுறா" என்று தலையாட்டுவாள். இப்படிப் பல சங்கதிகள் அந்த லயத்தில் சண்டையில்லாமல் தீர்ந்திருந்தன.

"நீ என்னா சொல்ற கலா?" என்று சில சமயம் கேட்பார்கள்.

"நான் என்னாக்கா சொல்றது. அவங்க சொன்னதச் சொன்னேன், அம்புட்டுதான்."

தொண்ணூற்றெட்டாம் வருடம் தொடங்கிய நாடகத்தின் நாயகி பெயர் நிலந்தி. லயத்தில் அவளுக்கு நீலா என்று பெயர் விழுந்தது. புருசன் வெளியூரில். இவள் மாமியாரோடு ஒரு பழைய வீட்டில். தாதி வேலை படிக்க இடம் கிடைக்கிறது. போக வேண்டும் என்கிறாள். மாமியார் விடமாட்டேன் என்கிறாள். கதை அவ்வளவுதான்.

முதல் வாரங்களில் லயத்துக்கு நீலாவைப் பிடிக்கவில்லை.

"திமிரு புடிச்சவ" என்றாள் லெச்சுமி. "நடையப் பாரு. தரையே அவளோடதுங்கற மாதிரி."

"கட்டிக்குடுத்த பொறவு என்னா படிப்பு" என்றார் வாசற்படியில் எப்போதும் முதுகைச் சாய்த்து உட்காரும் வீரய்யா. வேலையை விட்டு நின்ற பழைய கங்காணி. சும்மா பேசினாலே ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற குரல். "வூட்டுல கெழவிய யாரு பாக்குறதாம்?"

"அதானே" என்றாள் பெரியாயி.

அந்த "அதானே" கலாராணியின் காதில் நின்றது. ஏனென்றால் அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால்தான் நளீரா மிஸ்ஸி அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்.

நளீரா பசறையிலிருந்து வரும் மருத்துவிச்சி. மாதம் ஒருமுறை பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, வேலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பாள். பதிவெல்லாம் சிங்களத்தில். அதை எழுத உதவிக்குக் கலாராணியைக் கூப்பிடுவாள்.

"இந்தப் புள்ளைக்காம்பராவுக்குப் படிச்ச ஒரு ஆளப் போடப் போறாங்க கலா. ரெண்டு பாஷையும் தெரியணும். பண்டாரவளையில தங்கி மூணு மாசம் படிக்கணும். அதுக்குப் பொறகு இங்கேயே வேலை. நான் உங்கட பேரச் சொல்லிட்டன். நேர்முகத்துக்கு நாள் வரும், நீங்க வந்தாப் போதும்."

கலாராணிக்கு அன்றைக்கு வேறு நினைப்பில்லை. தோட்டத்தில் அவளுக்குப் பெயர்ப்பதிவு இல்லை. கொழுந்து எடுக்கத் தெரியாது. "டவுன் புள்ள" என்றுதான் பெயர். விடிந்தால் அடுப்பு, பீலி, வெளியே வாசல்கூட்டல், மாமியாருக்கு மலைக்குத் தேத்தண்ணி. ஜெயகுமார் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். யுத்தக் காலம், சோதனைச்சாவடியில் பிடித்துவைத்தால் அதுவும் இல்லை. மடுல்சீமைக் கடையிலிருந்து போனில் அவனிடம் கேட்டாள். பின்னால் இரும்புக் கம்பி விழும் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்.

"எனக்கென்னா, போயேன். அம்மாகிட்ட மட்டும் கேட்டுக்க. அம்மா சரின்னா சரி."

அம்மாவோ லயத்துச் சனம் என்ன சொல்லும் என்று பார்ப்பாள். லயத்துச் சனம் நீலாவைப் பற்றி என்ன சொல்கிறது என்பது கலாராணிக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை நிலந்தி மாமியாருக்கு முன்னால் நின்று கையை நீட்டிப் பேசினாள். கலாராணி காதில் விழுந்தது இதுதான்: "உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு வந்தது உங்களுக்குக் காவல் இருக்கவா? நீங்கள் சொன்னாலும் போவேன், சொல்லாவிட்டாலும் போவேன்."

"என்னா சொல்றா?" என்றாள் லெச்சுமி.

கலாராணி அரை நொடி தாமதித்தாள். "நீங்க வாயாலே போயிட்டு வான்னு சொல்லாம, நான் இந்த வாசப்படியத் தாண்டமாட்டேம்மா, அப்படீங்கறா."

அறையில் ஒரு முனகல் எழுந்தது. நல்ல முனகல்.

"கைய நீட்டி நீட்டிப் பேசுறாளே" என்று சந்தேகப்பட்டாள் கடைசிக் காம்பரா சிவனம்மா. லயத்தில் கொஞ்சம் கூர்மையான கண் அவளுக்குத்தான். "கெஞ்சுற மாதிரி தெரியலியே."

"சிங்கள ஆளுங்க கெஞ்சுறதே அப்படித்தான்" என்று லெச்சுமி முடித்துவைத்தாள். "நீ பேசாம பாரு."

மறுநாள் பீலிக்கரையில் பேச்சு மாறியிருந்தது. அவ அப்படி ஒண்ணும் மோசமில்லை. படிக்க ஆசைப்படுறா, அதுக்காக மரியாதைய வுடலியே. போயிட்டு வான்னு சொல்லாம தாண்டமாட்டாளாம். நம்ம வூட்டுல எத்தனை பேரு அப்படி இருக்கோம்? குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டே பெரியாயி சொன்னாள், "வளத்த வளப்பு அப்படி."

கலாராணிக்கு உள்ளுக்குள் ஏதோ தளர்ந்து இடம் விட்டது. மொழிபெயர்ப்பது என்றால் நாணயமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் நீலாவை இவர்களுக்குப் பிடித்துப்போனால், நீலா போவதும் பிடித்துப்போகும். நீலா போனால், இன்னொருத்தி போவதும் பெரிய விஷயமாக இருக்காது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

பிறகு வாரந்தோறும் கை கூடிவந்தது. நிலந்தி கதவை அறைந்து சாத்தினாள். "காத்துல சாத்திக்கிச்சு" என்றாள் கலாராணி. நிலந்தி மாமியார் கொடுத்த சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். "அத்தை சாப்பிடாம நான் சாப்பிடமாட்டேங்கறா." நாடகக்காரர்கள் கதையை இழுத்தார்கள். உண்மையில் நிலந்தி, புருசன் எழுதித் தர வேண்டிய ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். லயத்து நீலாவோ மாமியார் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காத்திருந்தாள். அந்த வீட்டிலேயே, அதே சுவர்களுக்குள், எட்டு வாரம் பொறுமையாகக் காத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள்மேல் உயிராகிவிட்டது.

"எங்க வூட்டுக்கும் வந்துருக்காளே ஒருத்தி" என்று லெச்சுமி தன் மருமகள் காதில் விழும்படி சொன்னாள். "நீலா கால் தூசி பெறுவாளா?"

சொல் பரவிவிட்டது. கடைக்குப் போகிற பெண்கூட, "அத்தை, நீலா மாதிரி கேக்குறேன், போயிட்டு வரட்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் மாமியார் நெஞ்சை நிமிர்த்தி, "போயிட்டு வா" என்றாள். எல்லா மாமியார்களுக்கும் அந்த வார்த்தை இனித்தது. முன்பு கேட்காமலே செய்த காரியங்களுக்கெல்லாம் இப்போது கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

நேர்முகத்துக்கு நாள் வந்தது. வியாழக்கிழமை காலை பண்டாரவளையில். கலாராணி ஒரு வாரத்துக்கு முன்பே மாமியாரிடம் சொன்னாள். பெரியாயி வெற்றிலையை நரம்பு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா?"

"ஆமா அத்த. பொறவு இங்கேயேதான். நம்ம புள்ளைக்காம்பராவுலதான்."

"பாப்போம்."

அடுத்த நாளும் "பாப்போம்". புதன்கிழமையும் "பாப்போம்". அன்றைக்கு நாடகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நிலந்தி ஜன்னலோரம் நின்றாள், மழை பெய்தது, முடிந்துவிட்டது. ஆட்கள் போன பிறகு பெரியாயி பாயைச் சுருட்டியபடி பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அந்த மாமியாக்காரிய யாரும் நெனைக்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் நீலா, நீலாங்கறாங்க."

"என்ன அத்த?"

"ஒண்ணுமில்ல. லாம்பக் கொறை."

வியாழன் காலை கலாராணி சேலை கட்டிக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினாள். பெரியாயி குடித்தாள். கூடையை எடுத்தாள். சேலை நனையாமலிருக்கப் படங்கை இடுப்பில் கட்டினாள். மருமகளின் சேலையைப் பார்க்காமலே வாசலைத் தாண்டிப் பீலிப் பக்கமாக இறங்கினாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்கள் அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். கலாராணி செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

"அத்த. பஸ்ஸு இப்ப வந்துரும்."

பெண்கள் திரும்பினார்கள்.

"எங்க கெளம்பிட்ட, பட்டுச்சேலையெல்லாம் கட்டிக்கிட்டு?" என்றாள் லெச்சுமி.

வேறு வழியில்லாமல் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பண்டாரவளை. படிப்பு. வேலை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

"நல்லதுதானே" என்றாள் சிவனம்மா.

"பாத்தீங்களா" என்று லெச்சுமி பூரித்துப்போனாள். "டவுன் புள்ளையா இருந்தும் நீலா மாதிரியே வந்து நின்னு கேக்குது பாருங்க, அத்தை சொல்லட்டும்னு. பெரியாயி, குடுத்து வச்சவ நீ. சொல்லு."

எல்லோரும் சிரித்த முகத்தோடு பெரியாயியைப் பார்த்தார்கள். பெரியாயியும் சிரித்தாள்.

"நாடகத்துல அந்த மாமியா இன்னும் சொல்லலியே" என்றாள்.

பீலிக்கரை குலுங்கிச் சிரித்தது. லெச்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அடுத்த புதங்கெழமை வரைக்கும் நீ நிக்க வேண்டியதுதான், கலா." மலையிலிருந்து கங்காணியின் விசில் கேட்டது. கூடைகள் முதுகுக்கு ஏறின. பெரியாயி எல்லோருக்கும் முன்னால் ஏறிப்போனாள். சிரிப்பு அவர்களோடு தேயிலை நிரைகளுக்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

கலாராணி பீலியருகே நின்றாள். பெரியாயி சொன்னதை விளையாட்டு என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இனிமேல் ஒருத்தியும் இறங்கிவந்து "போயேன்" என்று சொல்லப்போவதில்லை. கீழே வளைவில் பஸ் வந்து நின்று, திரும்புவதற்கு முன்னும் பின்னும் நகர்ந்து உறுமியது. ஓடினால் பிடிக்கலாம். குறுக்குப் பாதை அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டாள். ஊரறியக் கேட்டு, பதில் வராமல் ஓடினால், மாலையில் மலையிலிருந்து இறங்குகிறவர்களின் முகம் எப்படி இருக்கும்? வாசப்படியத் தாண்டமாட்டேம்மா. அந்த வார்த்தையை நிலந்தி சொல்லவில்லை. இந்த முன் காம்பராவில், முக்காலியில் உட்கார்ந்து, அவளே சொன்னது. கேட்காமலே, ஒரு நாள் காலை சும்மா கடைக்குப் போகிற மாதிரி இறங்கிப் போயிருக்கக்கூடிய வழி ஒன்று இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்தது. அதை அடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் ஹார்ன் அடித்தது. வளைவு வளைவாகச் சத்தம் கீழே போயிற்று. அவள் குடத்தைப் பீலிக்கு நேரே வைத்தாள். சேலை நனைந்தது.

அடுத்த தடவை வந்த நளீரா குழந்தையைத் தராசில் வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் வரல்ல? ரெண்டு தரம் பேரக் கூப்பிட்டாங்க."

"வீட்டுல கொஞ்சம் சுகமில்ல மிஸ்ஸி."

நளீரா அவளை ஒருமுறை பார்த்தாள். "கீழ்ப் பிரிவுல வதனின்டு ஒரு புள்ளைய எடுத்துட்டாங்க. சிங்களம் கொஞ்சம் குறைவு. என்ன செய்ய." பிறகு எடையைச் சொன்னாள். கலாராணி எழுதினாள்.

வீட்டில் பெரியாயி அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சந்தையிலிருந்து வரும்போது மருமகளுக்குப் பிடித்த வடையை வாங்கிவந்தாள். கூப்பிட்டு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கலாராணி தலையைக் கொடுத்தாள். விரல்கள் உச்சியில் அழுத்திப் பதியும்போது கோபப்படுவதற்குக்கூட அந்த வீட்டில் ஒரு தனி மூலை இல்லை என்று தோன்றியது.

இரண்டு வாரம் போயிற்று. மூன்றாம் புதன்கிழமை காம்பரா நிறைந்து வாசலிலும் ஆட்கள். கலாராணி முக்காலியில் உட்கார்ந்து, வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பறவைச் சத்தம் மட்டும் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

விடியற்காலை. மாமியார் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிலந்தி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். கட்டிலருகே நிற்கவில்லை. வாசல் கதவைத் திறந்து ஒரு கணம் நின்றாள். முற்றத்தைக் கடந்தாள். ரோட்டில் பஸ் வந்தது. ஏறினாள். பஸ் போயிற்று. வெறும் ரோட்டைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு எழுத்துப் போட்டார்கள்.

"என்னா சொன்னா?" என்றாள் லெச்சுமி.

"ஒண்ணும் சொல்லல."

"வாசல்கிட்ட ஒரு நிமிசம் நின்னாளே, அப்ப?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

எல்லோரும் கலாராணியையே பார்த்தார்கள். போன வாரமே கேட்டுக்கொண்டாள் என்று சொன்னால் போதும். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"அப்ப சொல்லாமலே போயிட்டாளா?" என்றாள் லெச்சுமி. "ஏமாத்திட்டாளேடி. எம்புட்டு நல்லவ மாதிரி இருந்தா."

"எழுதுறவன மாத்திருப்பாய்ங்க" என்றார் வீரய்யா. "பழைய ஆளு எழுதியிருந்தா இப்படிப் போயிருக்க மாட்டா. புது ஆளுக்கு அவ கொணம் தெரியல."

"அந்தம்மா எழும்பித் தேத்தண்ணி கேக்குமே, பாவம்" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

"போட்டுக் குடிக்கட்டும். கையில்லையா?" என்றாள் சிவனம்மா.

"நாளைக்கு ஒனக்கும் மருமக வருவா, அப்ப சொல்லு."

"வரட்டும். அதுவரைக்கும் என் வாயி என்னோடது."

சிரிப்பும் ஏச்சுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. பெரியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீவியில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டுக்கிட்டு நின்னுருந்தா மட்டும் அந்தப் பொம்பள வுட்டுருப்பாளா?"

"ஏன் வுடமாட்டா?" என்றாள் லெச்சுமி. "அவளும் நல்லவதானே."

"நல்லவதான். ஆனா வுடமாட்டா." பெரியாயி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "மகன் வருசத்துக்கு ரெண்டு தடவ வர்றான். இவளும் போயிட்டா, பொழுது போனா அந்த வூட்டுக்கு யாரு வருவா? வெளக்க ஏத்தி வச்சுக்கிட்டு சுவத்தோடயா பேசுறது?"

நிரம்பிக் கிடந்த அந்தக் காம்பராவில் எல்லோரும் தங்கள் கால்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

சிவனம்மாதான் திரும்பினாள். "கலா, நாங்க எல்லாரும் சொல்றோம். நீ மட்டும் ஒரு நாளும் வாயத் தொறக்க மாட்டேங்கற. நீ சொல்லு. அவ செஞ்சது சரியா, தப்பா?"

அவங்க சொன்னதச் சொன்னேன் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. இன்றைக்கு அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"சரின்னுதான் எனக்குப் படுதுக்கா" என்றாள் கலாராணி.

லெச்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடேயப்பா. அப்ப நீயா இருந்தா போயிருப்பியாக்கும்?"

"நானாத்தானேக்கா இருந்தேன்" என்றாள் கலாராணி. "போகலியே."

லெச்சுமி சிரிக்க வாயெடுத்தாள். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பீலிக்கரையில் சிரித்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பெரியாயியின் பக்கம் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வீரய்யா நாடகத்துக்குப் பிறகு வரும் செய்தியைக் கேட்காமலே இறங்கிப் போனார். செருப்புகளைத் தேடும் சத்தம். "வாறோம் பெரியாயி." "வாறேன் கலா." ஒவ்வொருவராக வாசல் காலியாயிற்று.

செய்தி வாசிப்பவர் மலையிலும் மழை பெய்யலாம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தமிழில் கேட்க ஆளில்லை. பெரியாயி எழுந்து வந்து, வழக்கத்துக்கு மாறாகத் தானே குனிந்து கிளிப்பைக் கழற்றினாள். படம் சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. காம்பரா இருண்டது.

குப்பி லாம்பு எங்கேயென்று கலாராணிக்குத் தெரியும். தட்டில் கைவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடினாள்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் பெரியாயி, இருட்டுக்குள்ளிருந்து.

ஆனால் அவள் உடனே குச்சியைக் கிழிக்கவில்லை. கலாராணியும் கேட்கவில்லை. முக்காலி காலில் இடித்தது. அதில் உட்கார்ந்தாள்.